ஆறு இருபது வண்டிக்குத் தலைக்கணக்கு

திண்டிவனத்திலிருந்து கிளியனூருக்கு மாலை ஆறு இருபதுக்கு ஒரு பஸ் உண்டு. அதை நிறுத்தினால் என் தட்டச்சு வகுப்பும் நின்றுவிடும். வகுப்பு முடிவது ஆறு மணிக்கு. அடுத்த வண்டி எட்டரைக்கு. அதில் வர அப்பா சம்மதிக்க மாட்டார். நாட்குறிப்பில் இதை மூன்று காரணங்களாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். எப்படிப் பிரித்தாலும் பயம் ஒன்றுதான்.

1986 ஜூனில், டீசலை மிச்சப்படுத்த எங்கள் வட்டாரத்துப் பஸ் தடங்களைத் திருத்தும் திட்டம் ஒன்று வந்தது. காலியாக ஓடும் நடைகளை வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு நடைக்கும் இரண்டு நாள் தலைகளை எண்ண வேண்டும். ஒரு நாளாவது இருபத்தைந்து பேர் ஏறினால் அந்த நடை பிழைக்கும். ஆறு இருபது வண்டிக்கு எண்ணுகிறவள் நான். என் கையெழுத்து கோணாது என்று வகுப்பு ஆசிரியர் பெயர் கொடுத்துவிட்டார். எண்ண எனக்கு வரும். எண்ணியதை நம்பத்தான் வராது.

தாளின் மேலே விதி அச்சிட்டிருந்தது: 'உங்கள் கண்ணெதிரே ஏறுபவர்களை மட்டும் எழுதவும்.'

வழக்கமாகப் பதினைந்து பேர்தான் ஏறுவார்கள். இதைப் பொன்னியிடம் புலம்பினேன். வகுப்பில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. அவள் சித்தப்பா மண்ணாங்கட்டி கிளியனூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நான் அட்டையும் தாளுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் ஊர்வலம் உள்ளே வந்தது. முன்னால் மண்ணாங்கட்டி.

"இன்னாண்ணே இது?"

"எண்ணும்மா. பஸ் ஏறத்தான் வந்துக்கினு இருக்கோம்."

"சைக்கிள்ல வந்து பஸ்ல திரும்பப் போறீங்களா?"

"இந்நேரத்துக்கு இங்க வர பஸ்ஸு ஏது? மிதிச்சுதான் வரணும். பேஜாரு பண்ணாம எழுது."

கண்டக்டர் பதறினார். "யோவ், சைக்கிளெல்லாம் எங்க வைப்பீங்க?"

"உன் தலையிலயா வைக்கப்போறோம்? வண்டி தலையில ஏத்து. ஜல்தி!"

இருபத்தொரு சைக்கிள்கள் கூரைக்கு ஏறின. சிரித்ததில் இரண்டு முறை எண்ணிக்கை தவறிவிட்டது. மூன்றாம் முறை முப்பத்தாறு. வழியெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் கூரைமேல் மணிகள் குலுங்கின. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் சாமி வருகிறதென்று நினைத்து இறங்கிக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'இவர்களில் இருபத்தொருவர் எண்ணப்படுவதற்காகவே வந்தவர்கள்.' எழுதியபின் பதறிப்போய் ரப்பரைத் தேடினேன். பேனாவில் எழுதியிருந்தேன்.

"உண்மைய எழுத உனக்கு வேற நாளே கெடைக்கலயாடி?" என்று மறுநாள் பொன்னி திட்டினாள். "இன்னிக்கி யாரும் வரமாட்டாங்க. ஒரு நாளுன்னு சொல்லித்தான் சித்தப்பா கூட்டாந்தாரு."

ஆறேகால் வரை பதினைந்து பேர். பிறகு மணிச் சத்தம். ஒன்பது சைக்கிள்கள்! நேற்று ஊருக்குள் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டவர்கள்; தினமும் காலையில் திண்டிவனத்துக்கு வேலைக்கு மிதித்து வருகிறவர்கள்.

"யாருண்ணே வரச் சொன்னது?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"காத்துதாம்மா. சாயங்காலம் கெழக்கால திரும்புனா கடல் காத்து மூஞ்சியில அடிக்குது. முட்டி கழண்டுபோவுது. நேத்து சொகமா போனமா, இத்தினி வருசமா இது தோணலியேன்னு ஆயிடுச்சு."

தாளில் சைக்கிளுக்குக் கட்டம் இல்லை. அளவுகோல் வைத்து ஒரு கட்டம் போட்டு அதில் ஒன்பது என்று எழுதினேன். தலைகள் இருபத்து நான்கு. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஒன்று குறைந்தது.

"டிரைவரச் சேத்துக்கோ," என்றாள் பொன்னி.

"அவரு முன்னாடியே ஏறிட்டாரு."

வெள்ளிக்கிழமை விழுப்புரம் அலுவலகத்தில் அதிகாரி பாண்டுரங்கன் என் குறிப்பைப் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமையைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"இத எழுதாம இருந்தா பாஸ் பண்ணியிருப்பேனேம்மா."

"தெரியும் சார்."

புதன்கிழமைத் தாளை எடுத்தார். நான் போட்ட கட்டத்தில் விரல் நின்றது. "காலையில மிதிக்கிறாங்க, சாயங்காலம் மட்டும் பஸ்ஸா? டீசல் மிச்சம் பண்ண நாங்க மேப்பு போட்டுக்கினு கெடக்கோம். இவங்க சைக்கிளத் தூக்கி மேல கயிறு போட்டுக் கட்டிட்டாங்க!" பிறகு முகம் சுருங்கியது. "ஆனா ஒண்ணு கொறையுதே."

"ஆமா சார்."

"நீ எப்டி வீட்டுக்குப் போன?"

"அதே பஸ்லதான் சார்."

"உன்னச் சேத்தியா?"

"என் கண்ணெதிர நான் ஏறல சார்."

பாண்டுரங்கன் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் மின்விசிறி நின்றது, அவர் கவனிக்கவில்லை. "டிக்கெட்டு வாங்கினியா?"

நாட்குறிப்பை விரித்தேன். தினமும் டிக்கெட்டை ஒட்டி வைப்பது என் வழக்கம். ஜூன் நான்கு, கிளியனூர், ஒருவர். அதற்குக் கீழே 'இனி வகுப்பு இல்லை' என்று எழுதியிருந்ததை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.

அவர் சிவப்புப் பென்சிலாலேயே இருபத்து நான்கைத் திருத்தி இருபத்தைந்து என்று போட்டார். அதன் பக்கத்தில், 'பஸ்ஸுக்கு ஏணி தேவை' என்று எழுதினார்.

திண்டிவனம் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார். ஆறு இருபது வண்டி புறப்படத் தயாராக நின்றது. கூரையில் பன்னிரண்டு சைக்கிள்கள். யாரும் கேட்காமலே, "ஒண்ணு!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு ஏறினேன்.