அறுபது வாட்ஸ்

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஷெர்லினிடம் வாய் கொடுத்து மீண்டவர் தருவைகுளத்தில் யாரும் இல்லை. கல்யாணம், கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, படகு மந்திரிப்பு என்று ஊர் வீடியோ எல்லாம் அவள் அறையில்தான் வெட்டி ஒட்டப்படும். புது கார்டு வாங்க வக்கில்லை, பழையதில் எது தேவலை என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆர்எக்ஸ் 580-இல் எட்டு ஜிபி இருந்தது. ஆனால் நூற்றெண்பத்தைந்து வாட்ஸ் குடிக்கும், மே மாதத்தில் அந்த அறைக்குள் அடுப்பு மூட்டியது போல. ஜிடிஎக்ஸ் 1060-க்கு ஆறு ஜிபி, ஆயிரத்து இருநூற்றெண்பது கோர், நூற்றிருபது வாட்ஸ். அவளிடம் அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த 750 டிஐ-க்கு இரண்டே ஜிபி, கோரும் பாதி, வாட்ஸும் பாதி. கடைசியில் 1060 வந்தது. 750 டிஐ மேசை டிராயருக்குள் போனது.

இந்தக் கதையைக் கடல்காரர்களுக்குப் புரியவைக்க அவளிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. எல்லாவற்றையும் படகாக மாற்றிவிடுவாள். "கார்டுதான் எஞ்சின்ணே. இது நூத்திருபது, பழசு அறுபது. எஞ்சின் இல்லன்னா படம் நகராது." போன வருடம் மகளுடைய புதுநன்மை வீடியோவுக்காக இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதைக் கேட்டு, பலே பலே என்று தலையாட்டியவன் கிங்ஸ்டன். விசைப்படகு டிரைவர்.

அதே கிங்ஸ்டன்தான் இன்று மத்தியானம் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் நீலப் பெயின்ட் அடித்த இரும்புக் கம்பி.

எதற்கு வந்தான் என்று ஷெர்லினுக்குத் தெரியும். அவள் அண்ணன் இனிகோ நாட்டுப்படகுக்காரன். கிங்ஸ்டன் ஓட்டிய விசைப்படகு கரையோரமாக மடிவலையை இழுத்துத் தன் வலையை அறுத்ததற்கு இனிகோ மீன்துறை ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தான். நேற்றுக் காலை புதுப்படகு மந்திரிப்பில், சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன கையோடு, படகின் மறுபக்கத்தில் வைத்து அவன் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். இப்போது தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். கரையில் நூறு பேர் நின்றார்கள். போலீஸ் கேட்டபோது நூறு பேரும் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான் என்றார்கள். அந்த வாய்களில் கொள்ளியை வைக்க. ஷெர்லின் அப்போது படகின் இந்தப் பக்கம், ஜெனரேட்டர் அருகே நின்றாள். ஸ்டாண்டில் நிறுத்திய அவள் கேமரா மட்டும் அந்தப் பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரியே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். திறந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

"கேமரா எங்கன?" என்றான்.

அவள் காட்டுவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. சுவரில் மோதி உட்கார்ந்தாள். கேமராவிலிருந்து மெமரி கார்டைப் பிடுங்கிப் பல்லால் கடித்து முறித்துத் துப்பினான். பிறகு கேமராவையே தரையில் அடித்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா?"

தரையில் ஊன்றியிருந்த அவள் வலது கையை மிதித்து, செருப்புக் குதிகாலைத் திருகினான். இரண்டு விரல் முறிந்தது அவளுக்கே கேட்டது. "ஏத்திட்டேன்" என்று அலறினாள்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் ஊரே பார்க்கும். அது அவனுக்கும் தெரியும். கரையில் ஒரு படகை முடக்க யாரும் படகைத் தூக்கிப் போவதில்லை. எஞ்சினை உடைத்தால் போதும், மீதி வெறும் பலகை. படகு ஓட்டியதோடு இருபது வருடமாக அவன் செய்துவந்த இன்னொரு வேலை இது. பக்கத் தகட்டை நெம்பித் திறந்தான். இரண்டு விசிறியோடு நடுநாயகமாக 1060 கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தகட்டோடு தகடாக, பிஸ்கட் அளவில், எஸ்எஸ்டி. படம் இருந்தது அதற்குள். அவன் கண் அதைத் தாண்டிப் போயிற்று.

"ஏளா, நீதான சொன்ன. இதான எஞ்சினு?"

ஷெர்லின் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நல்லவேளை, பொய் தேவைப்படவில்லை.

"ஆமாண்ணே. படம் ஓடுறது இதாலதான்." அவன் கம்பியை ஓங்கியதும், "ஐயோ அண்ணே, அது மட்டும் வேண்டாம்" என்றாள். அதுவும் நடிப்பு இல்லை. உயிரைப்போல வைத்திருந்த கார்டு. ஆனால் பெட்டிக்குள் வைத்து அடித்தால் எல்லாம் போய்விடும். "பிடுங்காதிய, கரண்டு அடிக்கும். நானே கழத்தித் தாரேன்."

இடது கையால் பிளக்கை உருவி, திருகைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதைத் தரையில் போட்டு அடித்தான். விசிறி தெறித்தது, அலுமினியத் தகடுகள் பிதுங்கின, பச்சைப் பலகை நாலாக உடைந்தது. அடித்து ஓய்ந்து, டிராயரையும் இழுத்துப் பார்த்தான்.

"இது என்னது?"

"பழசு. அறுபது."

"சீ, வள்ளத்து எஞ்சின்" என்று அதை மேசையிலேயே எறிந்தான். அவள் முடியைப் பற்றித் தலையைப் பின்னால் இழுத்தான். "உங்க அண்ணன் எப்படி விழுந்தான்?"

"ஏணியில... வழுக்கி."

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னாள். மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுப் போனான்.

அவள் கதவைத் தாழிட்டாள். அழ நேரமில்லை. 750 டிஐ-யை எடுத்து அதே இடத்தில் பொருத்தினாள். அதற்குத் தனி வயர்கூட வேண்டாம். அவளுடைய பிராசசரில் தானாக டிஸ்ப்ளே வராது, இந்தக் கார்டும் செத்திருந்தால் எல்லாம் இருட்டுதான். பட்டனை அமுக்கினாள். திரை விழித்தது.

ஃபைலைத் திறந்தாள். ஃபோர்-கே படம் அது. 1060 என்றால் வெண்ணெய்போல ஓடியிருக்கும், நடந்ததெல்லாம் ஏழெட்டு நொடியில் முடிந்திருக்கும். 750 டிஐ திக்கித் திக்கி ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளியது. கிங்ஸ்டன் அதே நீலக் கம்பியைத் தூக்குகிறான். நிற்கிறது. இறங்குகிறது. நிற்கிறது. இனிகோ கையைக் குறுக்கே வைக்கிறான். நிற்கிறது. பின்னால் கைகட்டி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எல்லாம் அவள் வீடியோ எடுத்துக் கொடுத்த முகங்கள். மூன்றாவது அடியில் அண்ணன் வாயைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டான். நேற்று ஜெனரேட்டர் இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

ஷெர்லின் கண்ணை எடுக்கவில்லை. பென்டிரைவைச் செருகிப் படத்தை அதில் ஏற்றிவிட்டு, உடைந்த கார்டின் துண்டுகளை ஒட்டியிருந்த நீலப் பெயின்டோடு ஒரு கவரில் அள்ளிப் போட்டாள். ஆறாவது அடியில்தான் அண்ணன் விழுந்தான். அதற்குப் பிறகும் இரண்டு அடி இருந்தது. அதையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.