ஒன்பதாம் நாள் தட்டு

மக்காரியோவை அடக்கம் செய்து எட்டு நாளாகியும் எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன், யார் பிடித்து வைத்தார்கள்? கல்லறையில் மண் போடும்போது எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நல்ல மனசுக்காரர்கள் அதிர்ச்சி என்றார்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் என் காதில் விழாமல் இல்லை. நான் வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் துடைத்தேன். அவனுடைய சட்டைகளை மடித்தேன். ஹவாயின் வைகீகிக் கடற்கரை ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிற கை, அதற்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த எங்கள் இலோக்கானோ ஜனம் செத்தவனுக்குப் போடாமல் வாயில் ஒரு பருக்கை வைக்காது. ஒன்பது நாளும் வேளாவேளைக்குப் படத்துக்கு முன்னால் தட்டு போக வேண்டும். அந்தத் தட்டுக்குச் சமைக்கிறவள் உப்பு பார்க்கக்கூடாது, விரலைக்கூட நக்கக்கூடாது. ஜெபம் முடிந்ததும் தட்டை எடுத்து வீட்டார் பங்கிட்டுத் தின்பார்கள். அப்போதுதான் தெரியும். செத்தவன் வந்து தின்றிருந்தால் ருசியை அவன் கொண்டுபோயிருப்பான், நமக்குச் சக்கைதான் மிஞ்சும். ருசி அப்படியே இருந்தால் அவன் வரவில்லை.

எட்டு நாளும் ருசி அப்படியேதான் இருந்தது. சமைத்தது மக்காரியோவின் அக்கா பெர்பெத்துவா. சாவுச் செய்தி கேட்டு சொந்த ஊர் லாவோகிலிருந்து பெட்டி நிறையக் கருவாட்டோடு விமானம் ஏறி வந்தவள். தாய் செத்தபோது மக்காரியோவுக்கு இரண்டு வயது, அவளுக்குப் பதினாலு. கஞ்சித் தண்ணீர் கொடுத்து வளர்த்தாள். அதனால் தட்டிலிருந்து முதல் கவளம் அவளுக்குத்தான். ஒவ்வொரு நாளும் எடுத்து வாயில் போட்டு, மெல்லுவாள். கருவாடு கருவாடாகத்தான் இருக்கும். மிச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

எட்டாம் நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அவன் கோவிச்சுக்கிட்டிருக்கான் எடெல். வாய்க்கு ருசியா ஒண்ணும் போடாத வீட்டுக்கு எதுக்கு வரணும்னு நினைக்கிறான்."

"டாக்டர் சொன்னதைத்தானே செஞ்சேன் அக்கா."

"டாக்டரா அவனுக்குப் பொண்டாட்டி? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்கும் வரலைன்னா அவ்வளவுதான், அவன் பாட்டுக்குப் போயிடுவான். பட்டினியா போவான். நாளைக்கு நீ சமை. அவனுக்குப் பிடிச்சதைச் சமை. நல்லா உப்போட."

அவனுக்குப் பிடித்தது டின் கறி. வேறென்ன? பத்தொன்பது வயதில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்த வைபாஹு ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் சாப்பாட்டுத் தூக்கில் அதுதான் இருந்தது. பன்றி இறைச்சியை அரைத்து, உப்பை வாரிக் கொட்டி அடைத்த அமெரிக்க டப்பா. அதைப் பாகற்காயோடு வதக்குவான். முருங்கைக்கீரைச் சாற்றில் நறுக்கிப் போடுவான். ஒன்றும் இல்லாவிட்டால் சர்க்கரையிலும் சோயா சாற்றிலும் புரட்டிச் சுடுசோற்றின் மேல் அடுக்கிக்கொண்டு உட்காருவான். கரும்பாலையை மூடினார்கள், விமான நிலையத்தில் மூட்டை தூக்கப் போனான். டின் கறியை மட்டும் விடவில்லை.

பிறகு சிறுநீரகம் போயிற்று. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஊசி. உப்பு ஆகாது என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். டின் கறியை அடியோடு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. மெல்லிசாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி கொதிக்க வைத்து, மூன்று தண்ணீர் மாற்றுவேன். சோயா சாறும் கிடையாது, கொஞ்சம் சர்க்கரையும் வினிகரும் மட்டும். நாலு வருஷம் இதைத்தான் அவனுக்குப் போட்டேன். நானும் அதையேதான் தின்றேன். அவன் உப்பில்லாமல் தின்னும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?

"எடெல், இது கறியா, கறி குளிச்ச தண்ணியா?" என்பான். தின்றும் விடுவான்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, அடுப்படியில் வந்து நின்றான். "ஒரே ஒரு துண்டு. தண்ணில போடாம. நாளைக்கு வேணும்னா பட்டினி கிடக்கிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைக் கட்ட முடியாதா உனக்கு? கிழவனாயாச்சு, இன்னும் என்ன நாக்கு?" என்று கத்தினேன். கரண்டியை வீசாத குறை. அவன் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து, போட்டதைத் தின்றான். புதன்கிழமை காலை ஊசிக்குப் போகக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்தான்.

ஆகவே ஒன்பதாம் நாள் எனக்கு இருந்தது ஒரே வேலை. அந்த ஒரு துண்டை அவனுக்குக் கொடுக்க வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்தபடி, உப்போடு. பெர்பெத்துவா அக்காவுக்காக இல்லை. அழத் தெரியாத எனக்கு அதையாவது செய்யத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

மக்காரியோவின் ஒன்றுவிட்ட தம்பி ரூஃபோ காலையிலேயே டப்பா வாங்கி வந்து மேசையில் வைத்தான். "அண்ணி, கடையில இருந்ததுலேயே பெரிசு. அண்ணன் மோப்பம் பிடிச்சுக்கிட்டு ஓடி வரணும்."

பக்கத்து வீட்டு நகாசோனே அம்மாள் ஒரு பெரிய தட்டு மக்ரோனி சாலட் கொண்டுவந்தாள், மயோனைஸ் மினுமினுக்க. வந்தவள் சும்மா போகவில்லை. "உருளைக்கிழங்கும் போட்டிருக்கேன் எடெல், உன் புருஷனுக்குப் பிடிக்கும். நீ ஏதாவது சாப்பிட்டியா? முகமே சரியில்லையே" என்று பேசிக்கொண்டே நின்றாள். ஓட்டலிலிருந்து மேற்பார்வையாளர் போன் பண்ணி, எப்போது வேலைக்கு வருவாய் என்று நயமாகக் கேட்டார். திங்கட்கிழமை என்றேன். ஜெபம் சொல்லும் பெண்கள் நாற்காலி போதவில்லை என்றார்கள். ரூஃபோவை நாற்காலிக்கு அனுப்பினேன். இதற்கு நடுவில் சமைத்தேன். எப்படிச் சமைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த எட்டு நாளும் எல்லாம் அப்படித்தான் நடந்தது. கை வேலை செய்தது, நான் எங்கேயோ நின்றுகொண்டிருந்தேன். சர்க்கரை கருகும் வாசனை வந்தபோது அடுப்பை அணைத்தேன்.

வாழையிலை விரித்த தட்டில் சோறு வைத்து, அதன்மேல் துண்டுகளை அடுக்கி, பக்கத்தில் கறுப்புக் காப்பியும் ஒரு சிகரெட்டும் வைத்தோம். பெர்பெத்துவா அக்கா படத்தைப் பார்த்து, "வாடா தம்பி, வந்து சாப்பிடு. இன்னைக்கு உன் பொண்டாட்டி உனக்காகப் பண்ணியிருக்கா. கோபத்தை விட்டுட்டு வா" என்று கூப்பிட்டாள். பின்னர் ஜெபம். ஒரு மணி நேரம் முழங்கால் போட்டேன். முழங்கால் வலித்தது, அது மட்டும் தெரிந்தது.

ஜெபம் முடிந்து தட்டு இறங்கியது. அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். கண்ணை மூடி இன்னொரு துண்டு எடுத்தாள்.

"ரூஃபோ, நீ தின்னு பாருடா."

ரூஃபோ வாயில் போட்டுக்கொண்டான். அவன் முகம் மாறியது. "அக்கா! உப்பே இல்லை!"

"இல்லைதானே?"

"துளிகூட இல்லை அக்கா. டின் கறியில எப்படி உப்பு இல்லாம இருக்கும்?"

"வந்துட்டான்!" பெர்பெத்துவா அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி வந்துட்டான்! உப்பு மொத்தத்தையும் உறிஞ்சிட்டுப் போயிருக்கான் பாரு! நாலு வருஷத்துப் பசிடி அது, நாலு வருஷத்துப் பசி!"

வீடு முழுக்க அழுகை. ஜெபப் பெண்கள் அழுதார்கள், எங்கள் வழக்கம் தெரியாத நகாசோனே அம்மாளும் அழுதாள். ரூஃபோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "எங்க அண்ணன் உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான், நமக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டான்." அக்கா ஒரு துண்டைக் கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாள்.

மெல்லவே வேண்டியிருக்கவில்லை. நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. நாலு வருஷம் தினம் தின்ற ருசி எனக்குத் தெரியாதா?

அடுப்படிக்குப் போனேன். பின்பக்க அடுப்பில் சின்னப் பாத்திரம் இருந்தது. அதில் கலங்கிய தண்ணீர், மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக உறைந்திருந்தது. மூன்றாவது தண்ணீர். முதல் இரண்டையும் நானே தொட்டியில் கொட்டியிருக்க வேண்டும். சோயா சாற்றுப் போத்தலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அடிப்பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன். செத்தவனுக்குமா பத்தியம்?

அக்கா பின்னாலேயே வந்தாள், கையில் வெறும் தட்டோடு. "பசிக்குதுடி எடெல். எட்டு நாளா எனக்கு ஒண்ணும் இறங்கலை. சோறு போடு." சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே. அவனே உன் மேல கோபம் இல்லைன்னு காட்டிட்டான், இனி நான் யாரு?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது முகம், கல்யாண வீட்டுக்கு வந்தவள் முகமாக இருந்தது. பாத்திரத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "ஆமா அக்கா, வந்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

சோறு போட்டேன். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றாள். ஒன்பது நாளாக எல்லோரும் அவன் வரவேண்டும் என்று ஜெபம் செய்த வீட்டில், நான் ஒருத்தி அவன் வராமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டினேன். வந்திருந்தால் அதே கறியைத்தான் பார்த்திருப்பான். கடைசி நாளும் இவள் மாறவில்லையே என்று நினைத்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வருஷ நினைவுக்கு மறுபடி வருவேன்" என்றாள் அக்கா, வாய் நிறையச் சோற்றோடு. "அன்னைக்கும் நீதான் சமைக்கணும். இதே கை, இதே பக்குவம். அவன் வந்தானான்னு நான் பாக்கணும்."

உப்போடு வைத்தால் தம்பி வரவில்லை என்று இவள் மாரடித்துக்கொண்டு அழுவாள். உப்பை எடுத்துவிட்டு வைத்தால், இந்தத் தடவை நான் தெரிந்தே அவனுக்கு அந்த உப்பில்லாக் கறியைப் போட்டவளாவேன்.

"செய்வியாடி?"

"செய்றேன் அக்கா" என்றேன். அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.