பாடு மீறியதைச் சொன்னவர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிக் கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: 'பழவேற்காடு ஏரியின் மேல் பொன்வெயில்...' வேண்டாம். ஏரியில் இறங்காதவர்கள் அப்படி எழுதட்டும்.

இரண்டாவது: லைட்ஹவுஸ் குப்பத்துச் செங்கல்வராயன் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து மகள் தேவகி அழைத்தாள். அங்கே பன்னிரண்டு சிறிய நாடுகள் கூடியிருக்கின்றன. மனிதருக்கு அடங்காத செயற்கை நுண்ணறிவை எங்கள் மண்ணில் யாரும் உருவாக்க விடமாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதுகின்றன. தேவகிக்குக் குறிப்பெடுக்கும் வேலை.

"நைனா, நம்ம பாடு முறைய சொன்னேன். அல்லாரும் பேனாவ வச்சிட்டுக் கேட்டாங்க."

"இன்னான்னு சொன்ன?"

"மூணு குப்பமும் சீட்டு போட்டு, எந்த நாளு யாரு எங்க வலை கட்டணும்னு பிரிச்சிக்கும். போலீசு கெடையாது, கோர்ட்டு கெடையாது, ஆனா நிக்குதுன்னு."

"சரியாத்தான் சொல்லிக்கிற."

"ஒரு தீவுக்காரம்மா மட்டும் உடல. ஒருத்தன் திருட்டுத்தனமா மீறுனா எப்டித் தெரியும்னு கேக்கறாங்க. தாத்தா மீறினப்போ யாரு நைனா பாத்து சொன்னது?"

"எனுக்கு இன்னா தெரியும்? வை போன."

"தெரியாதுன்னா கையெழுத்து போட மாட்டாங்க நைனா. நாளைக்கிக் கூப்புடறேன்."

2

செங்கல்வராயன் மானஸ்தர். (இது போதாது. பஞ்சாயத்தில் நாற்காலி போடாவிட்டால் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார்.) அவருடைய தந்தை ராஜவேலு, பக்கத்துக் குப்பத்தின் முறைநாளில் இறால் வலை கட்டியவர். மூன்று குப்பமும் கூடி, ஒரு வருடம் அந்த வீட்டுக்குப் பாடு இல்லை என்றன. ராஜவேலு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பக்கத்துக் குப்பத்தான் எவனோ பார்த்துவிட்டான் என்றுதான் ஊர் இன்றுவரை

இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.

3

செங்கல்வராயனை என்னால் நம்ப முடியவில்லை. 'அவர்' என்று எழுதுவதே பொய்.

அது நான். அன்று யாரும் பார்க்கவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. மறுநாள் எங்கள் குப்பத்துத் தலைவர் பூபதி வீட்டுப் பின்வாசலுக்குப் போய்ச் சொன்னவனும் நான். நாங்களே மீறினால் அடுத்த வருடம் எல்லாரும் மீறுவார்கள் என்று பயந்தேன். சொன்னது நான் என்பதைப் பூபதி யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார்.

(நாற்பத்தாறு வருடமாக யோசிக்கிறேன். ஒப்பந்தம் காவலால் நிற்கிறதா, உள்ளே ஒருவனுக்கு மனசு கேட்காததால் நிற்கிறதா? ஒரு நாடு ஏதோ கட்டடத்தில் ரகசியமாக அந்த இயந்திரத்தை வளர்த்தால், அங்கே சம்பளம் வாங்குகிறவன் வெளியே வந்து சொல்வானா? தீவுக்காரம்மா கேட்பது அதைத்தான்.)

4

முடிவு ஒன்று: தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். குடும்ப மானம் தப்பிக்கிறது. தீவுக்காரம்மா கையெழுத்துப் போடாமல் எழுந்து போகிறார்.

முடிவு இரண்டு: 'ஒரு குப்பத்தில் ஒரு மகன்' என்று பெயரில்லாமல் சொல்கிறேன். கட்டுக்கதை என்பார்கள். இந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: எல்லாவற்றையும் சொல்கிறேன். தேவகி முழுவதையும் கேட்கிறாள். பிறகு,

அவள் பேச்சை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் என்னை மன்னிக்கிறாள். இன்னொன்றில், தாத்தாவைக் காட்டிக்கொடுத்தவனா நீ என்கிறாள். இரண்டும் அவள் குரலாகத்தான் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு அவர்கள் கூட்டம். அதற்குமுன் அழைப்பாள். அந்த வலையைக் கட்டியவர் உங்கள் தந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூபதி வீட்டுப் பின்வாசல்வரை நீங்கள் போயிருப்பீர்களா? போயிருந்தால், அதை உங்கள் மகளிடம் சொல்வீர்களா? யோசித்துவிட்டு, நான் அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதை இதன்கீழ் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.