வரப்பில் விழுந்த சிவப்பு

"இருமல் நின்னதும் டிபி ஊசியை யாருய்யா நிறுத்தச் சொன்னது?" தஞ்சாவூர் டாக்டர் என் புருஷன் அரசப்பனிடம் எரிந்து விழுந்தார். "அந்தப் புண்ணு நுரையீரல் ரத்தக்குழாயை அரிச்சு, பலூன் மாதிரி வீங்க வச்சிருக்கு. எப்ப வேணாலும் வெடிக்கும். மெட்ராஸ் போய் ஆபரேஷன் பண்ணிக்க."

"குத்தகைப் பதிவு முடியட்டுங்க," என்றார் அவர்.

தாசில்தார் வரும்போது குத்தகைக்காரர் வயலில் இல்லையென்றால், பண்ணையார் வேறு பெயரை எழுதவைத்துவிடுவார். நோயாளி என்று தெரிந்தாலும் அதே கதிதான். அதனால் இருமலில் வரும் ரத்தம் தெரியாதிருக்க எந்நேரமும் வெற்றிலை குதப்பினார்.

இன்று தாசில்தாரின் கண்ணெதிரே அந்தப் பாவி மனுஷன் நெற்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தார். பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. வரப்பில் சிவப்பாகத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய வெற்றிலைப் பை நேற்றிலிருந்தே காலி.