கோழி சாய்ந்த பக்கம்

தலை மட்டும்தான் இல்லை, மற்றபடி செவலைக்கோழி கண்ணயர்ந்து படுத்திருப்பது போலத்தான் கிடந்தது, சிறகு குலையவில்லை, கால்கள் மடங்கியிருந்தன, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, கூட்டின் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, சாவி உலகம்மாளின் முந்தானை முடிச்சில் இருக்கிறது, இதற்கு முன்னால் சாம்பல் பேடு, அதற்கும் முன்னால் முட்டை விடத் தொடங்கியிருந்த கறுப்பு வெடை, எல்லாம் இதே மாதிரி, இதே கோலத்தில், அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, தின்கிறதாக இருந்தால் முழுதாகத் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதானே, இது என்ன நக்கல். பக்கத்து வீட்டு எஸ்தர் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, பூட்டு பூட்டுனபடி இருக்கு, தலையக் காங்கல, இது மிருகம் செய்யுத வேலை இல்லக்கா, யாரோ உங்களுக்குச் செஞ்சு வச்சிருக்காவ, நான் ஜெபத்துல வைக்கேன் என்றாள், வைத்தும் இருப்பாள், நல்ல மனுஷி, ஆனால் அவள் வாய்க்குள் ஒரு சேதி தங்காது, மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகி, சாயங்காலத்துக்குள் தென்காசியில் இருக்கிற உலகம்மாளின் அண்ணன் காசியின் காதுக்கும் போய், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அண்ணன் கூட்டைச் சுற்றி வந்தான், பூட்டை இழுத்துப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், அவன் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் கிடையாது, அவனுக்கு அவள்மேல் உயிர், அந்த உயிர்தான் அவளுக்குப் பெரிய தொந்தரவு. ஏட்டி உலகு, வீடே சரியில்லட்டி, மச்சான் போயி ரெண்டு வருசங்கூட ஆவல, ஒரு கோழியக் காப்பாத்த முடியல, நீ எப்படி இங்கன தனியாக் கெடப்ப, வெள்ளிக்கிழம ஒரு கோடாங்கியக் கூட்டிட்டு வாரேன், அவரு குறி சொல்லட்டும், அதுக்குள்ள இன்னொரு கோழி செத்துச்சின்னா பேச்சே கெடையாது, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு. அவள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, அவன் வண்டி தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்று, வரமாட்டேன் என்று கோழிகளிடம் சொன்னாள்.

அண்ணன் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், புருஷன் பிச்சையா இறந்த பிறகு சில மாதம் அங்கே இருந்திருக்கிறாள், குறை ஒன்றும் இல்லை, வேளாவேளைக்குச் சோறு, மதினி முகம் கோணிப் பேசியதில்லை, ஆனால் அங்கே அவள் தட்டு எது என்று அவளுக்குத் தெரியாது, எந்தத் தட்டு காலியாக இருக்கிறதோ அது அவள் தட்டு, டிவியில் என்ன ஓடுகிறதோ அதுதான் அவள் பார்ப்பது, பசிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, பசிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே வந்து இந்தப் புழக்கடையில் கோழிக்குத் தவிடு பிசையும்போதுதான் தன் கை தன் கையாக இருப்பது தெரிந்தது, பே பே பே என்று கூப்பிட்டால் ஓடிவர ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது, இந்தக் கூட்டம் போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் அவள் இருப்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை, அதுதான் அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது.

பூட்டை மாற்றினாள். அடியில் எலிவளை இருந்த இடத்தில் கல்லைப் போட்டுச் சிமெண்டு பூசினாள், சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டாள், முள் அவள் காலில்தான் குத்தியது. பிறகு பொழுது சாய்கிற நேரத்தில் அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, கூட்டைச் சுற்றியும் உள்ளேயும் கோலமாவு தூவுகிற மாதிரி தூவினாள், வந்தது பேயாக இருந்தால் காலடி இருக்காது, காலுள்ள எதுவாக இருந்தாலும் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். விடிந்து பார்த்தால் இருந்தது, பிள்ளைக் கையை ஊன்றியது போல ஐந்து விரல், சின்னச் சின்னதாக, மாமரத்திலிருந்து இறங்கி வந்து, கூட்டின் தெற்குப் பக்கமாகவே போய், அங்கேயே நின்று நின்று மிதித்து, திரும்ப மாமரத்துக்கே போயிருக்கிறது, மரநாய், அட நாசமாப் போற மரநாயே நீதானா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது, அன்றைக்குக் கோழி எதுவும் சாகவில்லை, சேவலுக்குப் பிடரி இறகு மட்டும் கொத்தாகப் பிய்ந்திருந்தது. ஆனால் பூட்டிய கூட்டுக்குள் அது எப்படிப் போகிறது, போனால் எப்படி வருகிறது, உள்ளே தூவியிருந்த சாம்பலில் கோழிக்கால் தவிர வேறு காலே இல்லை, எஸ்தர் பார்த்தால் இதையும் ஜெபத்தில் வைத்துவிடுவாள்.

வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் சாய்ந்தவள் கண்ணை மூடுகிறாள், மூடினால் அண்ணன் வீட்டு ஹாலில் படுத்திருக்கிறாள், சுவரோரமாக, சன்னலுக்குக் கீழே தலை வைத்து, அங்கேதான் அவளுக்குப் பாய் விரிப்பது, ஃபேன் காற்று அந்த மூலைக்கு வராது என்பதால் வேறு யாருக்கும் அந்த இடம் வேண்டாம், இருட்டு கலையாத நேரம், குழாயில் தண்ணீர் வருகிறது, பின்வாசல் வழியாகக் குழாயடிக்குப் போன மதினியின் கை வெளியிலிருந்து சன்னல் கம்பிக்குள் நுழைந்து இறங்குகிறது, வளையல் கம்பியில் உரசுகிறது, ஈரக்கை அவள் தலையைத் தொட்டு ஆட்டுகிறது, உலகு, எந்திரி, தண்ணி வந்துட்டு, தினமும் இதே கை, தினமும் அவள் நெஞ்சு பதறி எழுந்திருக்கிறாள், கதவு பூட்டித்தான் இருக்கும், மதினி உள்ளே வந்ததே இல்லை, இப்போது பார்த்தால் பாய் மூங்கில் கம்பாக இருக்கிறது, அவள் கம்பின்மேல் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் செவலைக்கோழி தூக்கத்தில் கம்பிவலைமேல் சாய்ந்திருக்கிறது, கை வருகிறது, வளையல் இல்லாத கை. அவள் விருக்கென்று எழுந்து புழக்கடைக்கு ஓடினாள், சேலை முள்ளில் மாட்டியது, கிழியட்டும் என்று இழுத்தாள்.

பிச்சையா அடித்த கூடு அது, மாந்தோப்பு வேலிக்குப் போட்டு மிஞ்சிய கம்பிவலை, கண் பெரிது, கோழி வெளியே போகாது, அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை, ஆள் குனிந்து உள்ளே போகலாம், கோழிகள் ஏறி அடைகிற கம்பைத் தெற்கு வலையை ஒட்டினாற்போல ஆணி அடித்து வைத்திருந்தான், சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அதுகள் வரிசையாக அடைவதைப் பக்கத்திலிருந்து பார்க்க அவனுக்கு ஆசை, அந்த ஆசைதான் வலையில் சாய்ந்து தூங்குகிற கோழிகளின் தலையை வெளியே நிற்கிற மரநாயின் கைக்குக் கொடுத்திருக்கிறது. உன்னைக் குத்தம் சொல்லலைய்யா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆணியைப் பிடுங்கினாள், கம்பைக் கூட்டின் நடுமத்திக்குக் கொண்டுவந்து, நாலு பக்கமும் எவ்வளவு கை நீட்டினாலும் எட்டாத இடத்தில் கட்டினாள், சிறிய கண் வலை வாங்கிச் சுற்றிலும் அடிக்கவேண்டும், அது நாளைக்கு, இன்றைக்கு இது போதும்.

விடிந்தபோது சாம்பல் முழுக்கக் கால்கள், நாலு பக்கமும் சுற்றியிருக்கிறது, வலையில் ஏறி மேலேயும் போய்ப் பார்த்திருக்கிறது, உள்ளே ஒரு இறகு உதிரவில்லை. அண்ணன் சொன்னபடி வந்தான், உடுக்கையோடு கோடாங்கியும் வந்தார், அவர் கண்ணை மூடி, உடுக்கையைத் தட்டி, எல்லைக்கு வெளிய இருந்து ஏவுனது தாயி, அடங்காது, ஒரு கருஞ்சேவல் குடுத்தா கட்டிப்போடலாம் என்றார். உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மரநாயாவது தலைய மட்டும் தின்னுட்டுப் போச்சு, நீங்க முழுசாக் கேக்கீய. அண்ணன் பதறிப்போய் அவளை அதட்டினான், அவள் சாம்பலைக் காட்டினாள், அவன் குனிந்து பார்த்துவிட்டு, அது வெளியதானட்டி நடந்திருக்கு, பூட்டுன கூட்டுக்குள்ள எப்படிட்டி போவும் என்று நின்ற இடத்திலேயே நின்றான்.

உள்ள வாண்ணே, காட்டுதேன் என்றாள். கோழிகளைத் திறந்து விட்டுவிட்டு, அண்ணனைக் குனியவைத்து உள்ளே அனுப்பி, தெற்கு வலையோரம் உட்காரச் சொன்னாள், வயிறு பெருத்தவன், குந்தி உட்கார்ந்தால் முதுகைச் சாய்க்காமல் முடியாது, சாய்த்தான், அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள், சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தாள், வலைக் கண்ணுக்குள் விரல்களை விட்டு அவன் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். ஐயோ என்று அவன் போட்ட சத்தத்தில் கோடாங்கி உடுக்கையை நழுவவிட்டார். பூட்டு பூட்டுனபடிதான இருக்கு என்றாள் அவள், நான் உள்ள வரலல்லாண்ணே, ஆனா உன் தலை என் கையில இருக்கு, உங்க வீட்டுச் சன்னலுக்குக் கீழ தலைய வச்சுப் படுத்தவ நான், இன்னொருக்க அங்கன வந்து சாய மாட்டேன், எனக்கு இந்த வீடு போதும். விடுட்டி, வலிக்குட்டி, சரி, இங்கனயே இரு, முதல்ல முடிய விடு என்றான் அண்ணன். அவன் அதை இன்னொரு தடவை சொல்கிறவரை அவள் விடவில்லை.