ஐந்து விசிறிகளும் ஒரு சாட்டின் துணியும்

கணினிக்கும் மூச்சு முட்டும் என்பதை ஏற்க மறுத்த ஒரு செயற்குழுவைப் பற்றி எழுதுகிறேன். நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. "விட்டுத் தொலைங்களேன்" என்கிறாள் என் மனைவி. விட முடியவில்லை.

மலேசியாவின் பத்து பகாட் நகரில் எங்கள் தமிழர் நல மன்றம் இவ்வாண்டு முதன்முறையாகக் கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றை நடத்தியது. கார்ப் பந்தய விளையாட்டு. அதில் வெல்பவர் ஜொகூர் மாநில அணிக்கான தேர்வில் கலந்துகொள்ளலாம். வயது இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அங்கே இடமில்லை. என் மகள் ஐலீனுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு பிறக்கிறது. ஆகவே இதுவே அவளுக்கு முதல் வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் இதுவே. துணி ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் பகல் முழுவதும் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வருபவள், வீட்டுக்கு வந்ததும் உட்காரும் ஒரே இடம் அந்தக் கணினியின் முன்னால்தான். தகுதிச் சுற்றுகளில் பலரைப் பின்தள்ளி இறுதிப் போட்டிக்கு வந்தாள். எதிராளி, அட்ரியன் என்னும் இளைஞன்.

மன்றத்திடம் கணினிகள் இல்லை. இறுதிப் போட்டியாளர் இருவரும் தத்தம் கணினிகளைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஐலீன் தன் கணினியைத் தானே பாகம் பாகமாகப் பொருத்தியவள். அந்தப் பெட்டிக்குள் ஐந்து விசிறிகள் இருக்கின்றன. முன்பக்கத்து மூன்றும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின்பக்கத்தில் ஒன்றும் மேற்புறத்தில் ஒன்றும் சூட்டை வெளியே தள்ளும். மேற்புறத்தில் முதலில் இரண்டு வைத்திருந்தாள். அவற்றுள் முன்னோரமாக இருந்தது, உள்ளே வந்த குளிர்ந்த காற்றை, அது சூடேறும் மையச் செயலியை எட்டுவதற்கு முன்னரே வெளியே துப்பிக்கொண்டிருந்தது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, புகை போகிற போக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தாள்; உடனே அந்த விசிறியைக் கழற்றிவிட்டாள். விசிறி குறைந்தது; சூடும் குறைந்தது. உள்ளே வருவது வெளியேறுவதைவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும் என்பதும் அவள் கணக்கு. அப்போதுதான் இடுக்குகளின் வழியே தூசி ஏறாது. முன்னால் வந்த காற்று பின்னால் போக வேண்டும். போனது திரும்பி வரக் கூடாது. இவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளப் பட்டம் எதுவும் தேவையில்லை. சமையலறைச் சன்னலைத் திறந்து பழகிய எவருக்கும் இது விளங்கும்.

எங்கள் மன்றத் தலைவர் சபாபதிக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. மேடையில் நீளமான மேசை ஒன்று. அதற்குத் தங்க நிறச் சாட்டின் துணியை, மணமக்கள் விருந்துண்ணும் மேசைக்குக் கட்டுவதுபோல, மடிப்பு மடிப்பாகத் தரையைத் தொடும்படி மூன்று பக்கமும் கட்டியிருந்தார்கள். திரைகள் மேசையின்மேல், கணினிப் பெட்டிகள் மேசைக்கு அடியில். திரைகளுக்குச் செல்லும் ஒயர்கள் எட்ட வேண்டும் என்பதற்காகப் பெட்டிகளின் பின்பக்கத்தைத் துணியின் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். எந்தப் பக்கத்தின் வழியே சூடு வெளியேற வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கே திரை போட்டிருந்தார்கள். மேற்புறத்து விசிறிக்கு மேலே மேசைப் பலகை.

"அங்கிள், பெட்டிய மேசை மேல தூக்கி வச்சிக்கிறேன். அடியில காத்து போவாது" என்றாள் ஐலீன்.

சபாபதி துணியின் நிறத்திலேயே பூவேலைப்பாடுள்ள பாத்தேக் சட்டை அணிந்திருந்தார். "மேல வச்சா பேனர மறைக்கும்மா. டத்தோ வர்றாரு. படம் எடுக்கணும்லா."

"அப்ப பின்னால துணிய மட்டும் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க."

"தூக்கிக் கட்ட என்ன, வெள்ளமா வந்துருச்சு? ஒயரு கியரு எல்லாம் வெளிய தெரியும். அசிங்கமா இருக்கும்."

நான் குறுக்கிட்டேன். "சபாபதி, பெட்டி வெளியே தள்ளுகிற சூடு துணியில் முட்டித் திரும்பும். திரும்பிய சூட்டையே முன்பக்க விசிறிகள் மறுபடியும் உள்ளே இழுக்கும். கொதிக்கிற நீரை ஆற்றுவதற்குக் கொதிக்கிற நீரை ஊற்றுவீரா?"

"சார், ஏர்கான் பதினாறுல ஓடுது. உங்களுக்கே குளிரல?"

"எனக்குக் குளிர்கிறது. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கவில்லை."

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சபாபதியும் சிரித்தார், என் தோளைத் தட்டிவிட்டுப் பூமாலை வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டார். சிரித்தே ஒருவனை வாயடைக்கும் இந்த வித்தையை எங்கே கற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியனாக இருந்த எந்தப் பள்ளியிலும் நான் அதைக் கற்பிக்கவில்லை.

பத்து மணிக்குப் போட்டி என்று அழைப்பிதழில் இருந்தது. டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் வரவில்லை. வரும்வரை காத்திருப்பது நம் வழக்கம். அதற்கு நானும் பழகியவன். ஆனால், சும்மா காத்திருக்க விடவில்லை. டத்தோ உள்ளே நுழையும் கணத்தில் திரைகளில் கார்கள் ஓட வேண்டுமாம்; மேசையின்மேல் விளக்குகள் மின்ன வேண்டுமாம். அதற்காகக் கணினிகள் இரண்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள்.

"அங்கிள், அவர் வந்த பிறகு போடலாமே. சும்மா ஓடிக்கிட்டிருந்தா சூடாயிரும்."

"டத்தோ நுழையறப்ப ஸ்கிரீனு கறுப்பா இருந்தா நல்லாவா இருக்கும்? பெரிய பெரிய மிஷினுன்றீங்க, ஒரு காலைக்குத் தாங்காதா?"

அட்ரியனின் பெட்டி மேசையின் ஓரத்தில் இருந்தது. மின்கம்பி நுழைவதற்காக அங்கே துணி சற்று விலகியிருந்தது. ஐலீனின் பெட்டி நடுவில். அவள் அவ்வப்போது குனிந்து அதன் மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தோசைக்கல்லு மாதிரி இருக்குப்பா" என்றாள். விசிறிகளின் இரைச்சல் முன்வரிசை வரை கேட்டது. மகளிர் பிரிவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், "ஏதோ வண்டு கத்துதே" என்று கூரையைப் பார்த்தார்.

நண்பகலை நெருங்கும் வேளையில் டத்தோ வந்தார். மேளம், பன்னீர், மாலை, வரவேற்புரை, உரை, அந்த உரைக்கு நன்றியுரை. பிறகுதான் பந்தயம். மூன்று பந்தயங்களில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி.

முதல் பந்தயத்தில் ஐலீன் வென்றாள். வளைவுகளில் அவள் பிரேக்கைத் தொடுகிற நயத்தைக் கண்டு பந்தயமே அறியாத கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள். இரண்டாவதிலும் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் அவள் திரையில் மட்டும் கார் திக்கித் திக்கி நகர்ந்தது. பிறகு திரை இருண்டது. வெப்பம் எல்லை கடந்ததும் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

சபாபதி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "சொந்த மிஷின்ல பிராப்ளம்னா சொந்தப் பொறுப்பு. விதிமுறையில இருக்கு. ஒன்னுக்கு ஒன்னு!"

நடுவராக ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த நிலோபர் என்ற பெண்மணி ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் சபாபதியே தொடர்ந்தார். டத்தோவுக்குக் கோத்தா திங்கியில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம். ஆதலால் பரிசளிப்பை இப்போதே வைத்துக்கொள்வார்களாம்.

நான் மேடைப் படியருகே சென்றேன். "யாருக்குப் பரிசு? போட்டி முடியவில்லையே!"

"சும்மா படத்துக்குத்தான் சார். கப்ப இப்ப யார் கையிலயாவது குடுப்போம். அப்புறம் ஜெயிச்சவங்களுக்கு மாத்திக்கலாம்லா."

ஐலீன் அப்போது மேசைக்கு அடியில் ஊர்ந்து, தன் கணினிக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் காணவில்லை என்பதால், நின்றுகொண்டிருந்த அட்ரியனை இழுத்து டத்தோவின் அருகில் நிறுத்தினார்கள். அவன் விழித்தான். கோப்பை கைமாறியது. கேமரா மின்னியது. என் மகள் தரையில் முழங்காலிட்டிருக்க, அவள் தலைக்கு மேலே, அவளுக்குரியதாகவும் இருக்கக்கூடிய பரிசு இன்னொருவருக்கு வழங்கப்பட்டது.

"அப்பா! இங்க வந்து பாருங்க!" என்று துணிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. கோபத்தில் கிட்டத்தட்ட அழுகிற குரல்.

நான் குனியவில்லை. குனிந்து பார்க்கிற வயதும் பொறுமையும் என்னிடம் இல்லை. சாட்டின் துணியின் ஒரு முனையைப் பற்றி இழுத்தேன். குண்டூசிகள் தெறித்தன. மொத்தத் துணியும் மடிப்புக் கலைந்து மேடையில் சரிந்தது.

ஐலீனுடைய பெட்டியின் பின்புறத்தை ஒட்டி, சூடு வெளியேறும் வாயிலை அடைத்தபடி, பிரியாணிப் பாத்திரங்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் பெரிய துண்டு ஒன்று போர்த்தப்பட்டிருந்தது.

"யார் வைத்தது இது?" என்றேன். எனக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

மகளிர் பிரிவின் ராஜம்மா முன்வரிசையில் எழுந்து நின்றார். "டத்தோவுக்குக் கட்டிக் குடுக்கிற பிரியாணி சார். ஆறிருமேன்னு சொன்னேன். சபாபதி அண்ணன்தான், 'அங்க நல்லா சூட்டுக் காத்து வருது, கொண்டு போய் வை'ன்னாரு."

அதாவது, அங்கே சூடான காற்று வருகிறது என்பது சபாபதிக்குத் தெரிந்திருக்கிறது. நான் காலையில் சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். வாங்கி, அதைப் பிரியாணிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்!

மண்டபமே சிரித்தது. டத்தோவும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாத்திரங்கள் அவருடைய காருக்குப் போயின. அவர் போனதும், பின்கட்டில் சாப்பாடு தயார் என்று யாரோ சொல்ல, கூட்டமும் போயிற்று.

நிலோபர் மேடைக்கு வந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். "ரெண்டாவது ரேஸ் செல்லாது. இது பிளேயரோட தப்பு இல்ல, உங்க ஏற்பாட்டோட தப்பு. திரும்ப ஓட்டணும்."

"எப்படிம்மா ஓட்டுறது? கப்புதான் குடுத்தாச்சே" என்றார் சபாபதி.

"படத்துக்குன்னுதான சொன்னீங்க?"

"டத்தோ கையால குடுத்தாச்சும்மா. அதத் திருப்பி வாங்கினா அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம்!"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "சபாபதி! காலையில் பெட்டியை மூடினீர். நண்பகலில் அதன் வாயை அடைத்தீர். இப்போது அவளுடைய வாய்ப்பையே பறிக்கிறீர். டத்தோவுக்கு அவமானம் என்கிறீரே, என் பெண்ணுக்கு நீர் செய்ததற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்?"

"சார், கோவப்படாதீங்க. பிரஷர் ஏறிரும். சாப்பிட்டுப் பேசுவோம்."

"உம்முடைய சோறு எனக்கு வேண்டாம்!"

அட்ரியன் கோப்பையை மேசையின்மேல் வைத்தான். "நான் ஓட்டுறேன் அங்கிள். இத வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனா என் தங்கச்சியே கலாய்ப்பா."

"மாநிலத்துக்கு ரிப்போர்ட் எழுதுறது நான்தான்" என்று சபாபதியிடம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நிலோபர்.

இரண்டு பெட்டிகளையும் மேசையின்மேல் தூக்கி வைத்தோம். பேனர் மறைந்தது; மறைந்து தொலையட்டும். உடனே தொடங்குங்கள் என்றேன். ஐலீன் கேட்கவில்லை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையை உள்ளே நீட்டி, சூடு தணிகிறதா என்று பார்த்தபடி பொறுமையாக நின்றாள். அந்தப் பொறுமை எங்கிருந்து அவளுக்கு வந்தது? என்னிடமிருந்து நிச்சயமாக இல்லை. பிறகு கதவை மூடித் திருகிவிட்டு, "ம், போலாம்" என்றாள்.

பின்கட்டிலிருந்து தட்டுகளின் ஓசையும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. மண்டபத்தில் எங்கள் நால்வரோடு சபாபதி மட்டும், கீழே கிடந்த துணியை மடித்தபடி நின்றார். அட்ரியன் எளிதில் விடவில்லை. இருமுறை அவளை முந்தினான். கடைசி வளைவில் உட்பக்கமாக நுழைந்து, ஒரு காரின் பாதி நீளத்தில் ஐலீன் வென்றாள். நானும் நிலோபரும் கைதட்டினோம். அட்ரியன் அவளிடம், "அலமாக், அந்த கேப்புல பூந்துட்டியே!" என்றான். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பாராட்டு விழா.

அன்று மாலையே மன்றத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வந்தது. நடுவில் டத்தோ, பக்கத்தில் கோப்பையுடன் அட்ரியன், 'வெற்றியாளருக்கு வாழ்த்துகள்' என்ற வாசகம். அகற்றுமாறு நான் எழுதினேன். பதில் இல்லை. மீண்டும் எழுதினேன். இல்லை.

சென்ற சனிக்கிழமை தேர்வுக்காக ஐலீனை ஜொகூர் பாருவுக்கு அழைத்துச் சென்றேன். பின்னிருக்கையில் கணினியை வைத்து இருக்கை வாரால் கட்டியிருந்தாள். பாதி வழியில் சபாபதி அழைத்தார். காரை ஓரமாக நிறுத்திப் பேசினேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் படத்த எடுக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"டத்தோ லைக் போட்டுட்டாரு சார்."

என் வாயிலிருந்து வெளிவர இருந்த சொற்களை இங்கே எழுத இயலாது. அதற்குள் ஐலீன் கைப்பேசியை வாங்கினாள்.

"அங்கிள், படம் உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னிக்கு அங்க வாசிக்கப் போற பேரு என் பேருதான். வச்சிரட்டா?"

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை, காரை மறுபடியும் கிளப்பியதிலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். செடெனாக் ஊரைத் தாண்டியும் நான் ஓயவில்லை. ஐலீன் கண்களை மூடிக்கொண்டு, அன்று ஓட்டப்போகும் பாதையின் வளைவுகளைத் தன் தொடைமேல் விரலால் வரைந்துகொண்டிருந்தாள்.