உள்ளே இருந்து திறக்காத கதவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மம்சாபுரம் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு பழைய கார் நின்றிருந்தது. கத்திரிக்காய் நிறம். பானெட் திறந்திருந்தது. ஓட்டி வந்தவன் இஞ்சினைப் பார்க்கவில்லை. பம்பரில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றுபோனவர்களின் முகம் அப்படி இருக்காது.

என் பக்கத்து சீட்டில் முழங்காலில் பட்டை கட்டிய ஓர் அம்மா இருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"நம்ம வண்டிதான். எம் மவனும் மருமவளும்."

"அய்யோ, பஸ்ஸ நிறுத்தச் சொல்லட்டுமாம்மா?"

"எதுக்கு? நிக்கட்டும், நிக்கட்டும்."

"அப்ப நீங்க ஏம்மா அதுல போகாம இந்தக் கூட்டத்துல வாரீங்க?"

"அதுல பின்னாடி கதவு சரியில்ல தாயி" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிக்க வேண்டிய பதில் அது இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

இவ்வளவுதான் நான் கண்டது. மீதியெல்லாம் நான் சேர்த்தது. பெயர்களும் நான் வைத்தவைதான். அந்த அம்மா வெள்ளத்தாய். மகன் பாண்டிதுரை. மருமகள் யுவராணி. கார் யாருடையது, அது இருக்குமா போகுமா என்பதுதான் கதை.

2

முதல் வரிக்குப் படாத பாடு பட்டேன்.

"யுவராணியின் அப்பா அந்தக் காரை வாங்கிய அன்று மழை பெய்தது." (அடித்துவிட்டேன். என் எல்லாக் கதைகளிலும் மழை பெய்துவிடுகிறது.)

"ஒரு குடும்பத்துக்குள் ஒரு பழைய கார் எத்தனை விதமாக…" (இது கட்டுரை. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.)

"'வண்டிய மாத்திருவோம்' என்றார் சௌந்தரபாண்டியன்." (இது இருக்கட்டும். ஆனால் இதற்கு முன்னால் அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.)

3

ராஜபாளையத்தில் மூன்று அறை உள்ள வீடு. வெள்ளத்தாய், மூத்த மகன் சௌந்தரபாண்டியன், அவர் மனைவி முனீஸ்வரி, அவர்கள் பிள்ளைகள், இளையவன் பாண்டிதுரை, யுவராணி. யுவராணியின் அறை வழியாகத்தான் மொட்டைமாடிக்குப் போக முடியும். துணி காயப்போட, வற்றல் எடுக்க, போனில் சத்தமாகப் பேச எல்லாரும் அந்த வழியே போவார்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் சிக்கல். கெட்ட மனிதர்களாக இருந்தால் சண்டை போட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்.

யுவராணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாண்டிதுரை சத்திரப்பட்டியில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்பவன். ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக் கடைகளுக்கு அவன்தான் சரக்குப் போடுகிறான். காலையில் டிக்கியில் துணிக் கட்டுகள், முன் சீட்டில் யுவராணி. சாயங்காலம் டிக்கி காலி, முன் சீட்டில் யுவராணி. போக அரை மணி, வர அரை மணி. கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் அவர்கள் பேசிய பேச்சு, போட்ட சண்டை, செய்த சமாதானம் எல்லாம் அந்த ரோட்டில்தான்.

வண்டி அவள் அப்பா ஓட்டியது. கல்யாணத்துக்கு முன்பே அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் மூன்று லட்சத்தை நெருங்கியதும் களைத்துப்போய் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓடியது யார் கணக்கிலும் இல்லை. ஏசி கிடையாது. மேடு ஏறினால் சூடாகும். பின் கதவு இரண்டில் ஒன்று அவள் அப்பா காலத்திலேயே இறுகிப்போனது. இன்னொன்று வெளியிலிருந்து திறக்கும், உள்ளிருந்து திறக்காது.

அந்தக் கதவால்தான் வெள்ளத்தாய் காரில் ஏறுவதை நிறுத்தினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சேத்தூரில் ஒரு கல்யாணம். பாண்டிதுரை எல்லாரையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டு, அம்மா இறங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். வெள்ளத்தாய் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்துக் கண்ணாடியைத் தட்டித் தட்டி, தேங்காய்ப் பை வாங்கிக்கொண்டு போன யாரோ பார்த்துத் திறந்துவிடுவதற்குள் முதல் பந்தி முடிந்திருந்தது. "இனி இந்தக் கத்திரிக்காயில காலு வச்சேன்னா பாரு" என்று அங்கேயே சொன்னார். திரும்பும்போது மற்றவர்களும் அவருடன் பஸ்ஸில் போய்விட்டார்கள். சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். நடுரோட்டில் இறங்கித் தள்ளச் சொல்லும் வண்டி அவர் மரியாதைக்குச் சரிவராது.

ஆக, அந்தக் கார் யாருக்கும் வேண்டாததாக ஆகி, இரண்டு பேருக்கு மட்டும் உரியதாயிற்று. யுவராணிக்கு அது தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

4

"வண்டிய மாத்திருவோம்" என்றார் சௌந்தரபாண்டியன்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த நேரம்.

"மதுரையில எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கான். ஏழு பேர் உக்காரலாம். அம்மா காலுக்கு வாரத்துல மூணு நா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான போகுது? உங்க கூடவே வந்துரும். பிள்ளையளயும் வழியில எறக்கி விட்டுறலாம். யுவராணி, வண்டி உம் பேர்ல இருக்கு. நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். என்னம்மா சொல்லுத?"

"வண்டி நல்லாத்தான ஓடுது அத்தான்?"

முனீஸ்வரி வாயில் வெற்றிலையோடு திரும்பினாள். "எங்க ஓடுது? நேத்து நான் பாக்கைல நீங்க ரெண்டு பேருந்தான் ஓடிக்கிட்டிருந்தீக, வண்டியத் தள்ளிக்கிட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். யுவராணியும் சிரித்தாள். பாண்டிதுரை மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாக்கும்?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அவ வண்டிண்ணே."

"அவ அப்பா குடுத்தது" என்றார் வெள்ளத்தாய், காலை நீட்டித் தடவிக்கொண்டே. "அவ மனசு போலச் செய்யட்டும். என் காலுக்கு என்ன, பஸ்ஸுக்குப் பழகிட்டு."

(இங்கே யுவராணிக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: "அத்தான், எனக்கும் அவுகளுக்கும் இந்த அரை மணி நேரந்தான்…" மேலே போகவில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த மருமகளாலும் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. எழுதுகிற என்னாலும் முடியவில்லை.)

"யோசிச்சுச் சொல்லுதேன் அத்தான்" என்றாள்.

"புதங்கிழமை நான் மதுரைக்குப் போறேன். அதுக்குள்ள சொல்லு."

இந்த இடத்தில் எனக்கு யுவராணி மேல் சந்தேகம் வந்தது. மூட்டு வலிக்காரர் பஸ் படியேற, அரை மணி நேரப் பேச்சுக்காக ஒருத்தி கார் மாற்றத் தயங்கலாமா? வெள்ளத்தாயைக் கொஞ்சம் கொடுமைக்காரராக்கினால் யுவராணி தப்பித்துவிடுவாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்த அம்மா ஒத்துழைக்கவில்லை. திட்ட வைத்த இடத்தில், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுகிறார்.

5

பஸ்ஸிலிருந்து நான் பார்த்த அன்று அவர்கள் இருவரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. கதையில் பார்க்க வைக்கிறேன். இல்லாவிட்டால் யுவராணி நகர மாட்டாள்.

திங்கட்கிழமை. மம்சாபுரம் விலக்குப் பக்கம் வண்டி சூடாகி நின்றது. பாண்டிதுரை, பாக்கி தராத மருந்துக் கடைக்காரர் ஒருவர் அவனைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெறும் போனில் பேசிய கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். யுவராணி கொய்யாவைக் கடித்தாள். பஸ் ஒன்று கடந்தது. ஜன்னலில் ஒரு முகம். அத்தை.

வெள்ளத்தாய் கையாட்டினார். பஸ் போய்விட்டது.

"என்னட்டி, சப்புன்னு ஆயிட்ட? சிரிப்பு வரலயா?"

"வருது" என்றாள் யுவராணி.

வழியெல்லாம் நின்று நின்று போன அந்த பஸ், இவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது அப்போதுதான் நிறுத்தத்துக்கு வந்திருந்தது. வெள்ளத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். கண்டக்டர், "மெல்ல ஆச்சி, மெல்ல" என்றார். யுவராணி ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள்.

"நீங்க வந்துட்டீகளா? வண்டி ஸ்டார்ட் ஆயிட்டா?" என்று விசாரித்தார் வெள்ளத்தாய்.

6

செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் சொன்னபடி, விற்பதற்கு முன் கதவைச் சரி செய்ய வண்டி சோணைமுத்துவின் பட்டறைக்குப் போனது. பாண்டிதுரைக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே டீக்கடைப் பக்கம் போய்விட்டான். யுவராணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காட்சியில் ஒன்றும் நடக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். மெக்கானிக் ஏதாவது பேச வேண்டுமே என்று ஒரு வரி எழுதினேன்.

"இது பத்து நிமிச வேலம்மா. சார்தான் வேண்டாங்காரு."

(எழுதிவிட்டு நானே பேனாவை வைத்துவிட்டேன். இது என் திட்டத்தில் இல்லை.)

"எந்த சாரு?" என்றாள் யுவராணி.

"நம்ம சாருதான். கல்யாண வீட்டுல அம்மா மாட்டிக்கிட்டாகள்ல, மறுநாளே கொண்டாந்தாரு. கைப்பிடியில இருந்து பூட்டுக்குப் போற கம்பி ஒடிஞ்சிருந்துச்சு. புதுசு போட்டுக் குடுத்தேன். ரெண்டு நா கழிச்சு வந்து, அதக் கழட்டுங்காரு. எதுக்கு சார்னேன். கழட்டுய்யான்னுட்டாரு. அந்தா, ஆணியில தொங்குது பாருங்க."

சுவரில், பழைய பெல்ட்டுகளுக்கு நடுவே, ஒரு மெல்லிய கம்பி தொங்கியது.

யுவராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது என்று வீட்டில் அவளும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. திறந்துவிடுமோ என்ற பயமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"அண்ணே, அத மாட்டிருங்க."

"சார் கேட்டா?"

"இன்னைக்கு நேரம் இல்லன்னுட்டேன்னு சொல்லுங்க."

பாண்டிதுரை திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சோணைமுத்து சொல்லச் சொன்னதைச் சொன்னான். வண்டி கிளம்பியது. இடப்பக்கம் மலை கூடவே வந்தது.

"கம்பி ஆணியில தொங்குச்சு" என்றாள் யுவராணி.

பாண்டிதுரை கியரை மாற்றினான். தேவையில்லாமல் இன்னொரு முறையும் மாற்றினான்.

"சொல்லிட்டானா?"

"ம்."

"சேத்தூர்ல நெசமாவே ரிப்பேர்தாம்ட்டி. அம்மாவ வேணும்னா மாட்டி விடுவேன்? அன்னைக்குத் திரும்பி வரைல அம்புட்டுப் பேரும் பஸ்ல போயிட்டாக. நீ முன்னால உக்காந்து காலத் தூக்கி டேஷ்போர்டுல வச்சுக்கிட்டு, பாடிக்கிட்டே வந்த. வீட்டுல நீ பாடி நான் கேட்டதே இல்ல."

யுவராணி வெளியே பார்த்தாள்.

"கோவமா?"

"அத்தை நேத்து பஸ்ல இருந்து எப்படி எறங்குனாக தெரியுமா?"

அவன் முன்னால் போன லாரியைத் தாண்டினான். "தெரியும்" என்றான்.

7

இதுவரைக்கும் எழுதியதை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பின் கதவுதானக்கா ரிப்பேர்? மாமியார் முன் சீட்டுல உக்காந்தா என்ன?"

கேள்வி நியாயமானது. இத்தனை பக்கம் எழுதிய எனக்கே தோன்றவில்லை. முன் கதவு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. காலை நீட்டிக்கொள்ள இடமும் அங்கேதான். இரண்டு வருடத்தில் வெள்ளத்தாய் ஒருநாளும், "நான் முன்னால உக்காந்துக்கிடுதேன்" என்று சொன்னதில்லை. ஏன் என்று அவரிடம் கேட்கலாம். சொல்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் சிரித்த சிரிப்பை மட்டும் இங்கே மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

புதன்கிழமை காலை வெள்ளத்தாய் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார். யுவராணி வாசலில் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, ஏறுங்க."

"அது உன் எடம்லா?"

"நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்."

"கதவு சரியில்லயே?"

"அத நான் பாத்துக்கிடுதேன். ஏறுங்க."

வெள்ளத்தாய் அவளைப் பார்த்தார். செத்த நேரம் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். வண்டி அன்றைக்கென்று ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "நல்லாத்தான்லே ஓடுது" என்றார் வெள்ளத்தாய், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஆஸ்பத்திரி வாசலில் பாண்டிதுரை அம்மாவை இறக்கி, சரிவுப் பாதையில் கைபிடித்து ஏற்றிவிட்டான். யுவராணி பின் சீட்டில் இருந்தாள். கைப்பிடி அவள் முழங்கையை ஒட்டி இருந்தது. இழுத்தால் திறக்கும். அது அவளுக்கும் சோணைமுத்துவுக்கும் நமக்கும் மட்டுமே தெரியும்.

அவள் இழுக்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாண்டிதுரை சுற்றிக்கொண்டு வந்தான். வெளியிலிருந்து திறந்தான். கதவின் மேல் ஒரு கையை வைத்துக் குனிந்தான்.

"எறங்கலாம், மகாராணி."

"என்ன அவசரம்?" என்றாள் யுவராணி.

அவன் கையை எடுக்கவில்லை. அவள் இறங்கவில்லை. மேலே வெள்ளத்தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார், ஒரு மூட்டு வலிக்காரருக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தில்.

பைக்குள் போன் அடித்தது. சௌந்தரபாண்டியன். மதுரையில் ஷோரூமில் நிற்கிறார். சரியா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வேண்டாம் என்கிறாள். கத்திரிக்காய் இன்னும் ஆறு மாதம் ஓடுகிறது, முன் சீட்டில் அத்தை, பின் சீட்டில் அவள். பிறகு ஒருநாள் மம்சாபுரம் விலக்குப் பக்கம் நின்று, கிளம்பவே இல்லை. இன்னொன்றில் சரி என்கிறாள். புதுக் காரில் அத்தை சுகமாகப் போகிறார், பிள்ளைகள் கத்துகிறார்கள். எல்லாக் கதவும் உள்ளிருந்து திறக்கின்றன. யாருக்காகவும் யாரும் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் என் பிடிவாதம் தெரிந்தது. இரண்டாவது சரியாக இருந்தது, ஆனால் அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமே இல்லை.

ஆகவே போனை நீங்கள்தான் எடுக்க வேண்டும். கையெழுத்து அவளுடையது, வார்த்தை உங்களுடையது. ஆனால் உடனே எடுத்துவிடாதீர்கள். மூன்று தடவை அடித்து ஓயட்டும், அவர் மறுபடி கூப்பிடுவார். கதவு திறந்துதான் இருக்கிறது. அவன் குனிந்தபடி எதையோ சொல்கிறான், அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.

நிக்கட்டும், நிக்கட்டும்.